சித்திரையில் பார்த்த வீடு

ரொட்டி வேகும் வாசனை தெருமுனை வரைக்கும் வந்திருந்தது. சனிக்கிழமை காலை. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். எங்கள் தெருவில் ரொட்டி சுடுகிறவர்கள் யாரும் இல்லை, கடையில் வாங்குகிறவர்கள்தான். ஆகவே ஏதோ ஒரு வீடு விலைக்கு வந்துவிட்டது என்று புரிந்துபோயிற்று. இங்கே அப்படி ஒரு வழக்கம். வீட்டைப் பார்க்க ஆட்கள் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு, விற்கிறவர்கள் எங்காவது போய்விடுவார்கள். கதவு திறந்து கிடக்கும். அந்த வாசனை வருகிறவனின் மூக்கைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், இது உன் அம்மா வீடு, இங்கே உனக்கு ஒன்றும் ஆகாது என்று காதில் சொல்லும். நான் வீடு வாங்கும் எண்ணத்தில் இல்லை. ஆனாலும் போனேன். வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கு அடுத்தவன் வீட்டுக் கூடத்தில் செருப்போடு நடந்து பார்ப்பதில் ஒரு சின்ன வெறி இருக்கிறது.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பழுப்பு நிலக்கரி வெட்டுகிற ஒரு பள்ளத்தாக்கில். நெய்வேலியில் பிறந்தவன், கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டுகிற வேலையைக் கற்றவன், பூமிக்கு மறுபக்கம் போயும் அதே கரி, அதே பெல்ட், அதே ரப்பர் கருகும் நாற்றத்தில் விழுந்தேன். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடுகிற காலம் இது. வேலை போன ஊரில் வீடு மலிவு என்று நினைப்பீர்கள். அப்படித்தான் இருந்தது, மெல்பர்னில் வாங்க முடியாதவர்கள் எல்லாம் ரயில் பிடித்து இங்கே வந்து சேரும் வரைக்கும். இப்போது பலகைச் சுவர் வைத்த பழைய தொழிலாளி வீட்டுக்குக்கூட வரிசையில் நிற்கிறார்கள்.

கூடத்தில் நின்று மூச்சை இழுத்தேன். ரொட்டி வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. தரையோரம், சுவர் முடிகிற இடத்தில், புதுப் பெயின்ட்டுக்குப் பின்னால். ஊறிக் காய்ந்து மறுபடி ஊறிய மரம், வண்டல், கொஞ்சம் டீசல், எங்கோ செத்த எலி. வெள்ளம் வந்துபோன வீட்டின் வாசனை. அதற்கு மொழி கிடையாது, தேசம் கிடையாது. அங்கே நின்றுகொண்டிருந்த ஏஜென்ட் அம்மாளிடம், "இங்கே தண்ணீர் வந்திருக்கிறது" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பெயர் ஷரன், பல் வரிசை முழுவதும் தெரியச் சிரிக்கிறவள். "ஓ, கண்டிப்பாக!" என்று உள்ளே ஓடி ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். எனக்குத் தாகம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அல்லது நினைத்துக்கொள்வதுதான் அவள் தொழில்.

பின்னறையில் ஒரு பஞ்சாபி ஜோடி. அவள் நிறைமாதம். அவன் டேப்பை நீட்டி ஜன்னலுக்கும் மூலைக்கும் இடையே அளந்துகொண்டிருந்தான். தொட்டில் போட இடம். அவள் என்னைப் பார்த்து, நம் பக்கத்து முகம் என்பதால், சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன். பாட்டிலின் மூடியைத் திருகினேன். அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் ஒன்றும் சொல்லாமல் வந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நெய்வேலியில் சுரங்கக் குவாட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீடு என்பது ஒரு எண். இந்த பிளாக், இந்தத் தெரு, இந்த நம்பர். வீட்டைச் சுற்றிலும் மரம், மரத்தைச் சுற்றிலும் நேரான ரோடு, ரோட்டின் இருபுறமும் ஆளிறங்கி நடக்கலாம் போன்ற வாய்க்கால். எவ்வளவு பேய்மழை பெய்தாலும் விட்ட கொஞ்ச நேரத்தில் தெரு காய்ந்துவிடும், நாங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். தண்ணீர் எங்கே போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. சுரங்கத்தின் அடியில் பூமி ஓயாமல் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்கும், பம்புகள் இரவும் பகலும் அதை உறிஞ்சி வெளியே துப்பிக்கொண்டிருக்கும். அது நின்றால் நிலக்கரி மூழ்கும். எங்கள் ஊரில் தண்ணீர் தானாக எங்கும் போகாது, யாராவது ஷிப்ட் போட்டு அனுப்புவார்கள். அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

என் அக்கா விஜயாவின் கணவர் கோதண்டம் மாமா அந்த பம்ப் செக்‌ஷனில்தான் வேலை பார்த்தார். பாதாளத்தில் நின்று தண்ணீரோடு மல்லுக்கட்டியவர். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டு, போட்டோ எடுத்து, காரில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். மறுவாரமே மாமா அந்த வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். குவாட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அதுதான் முறை, எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால் வாழ்நாளெல்லாம் இருந்த வீடு தன்னுடையது அல்ல என்று ஒருவனுக்குக் கடைசி நாளில்தான் உறைக்கிறது. அக்கா தான் நட்ட கறிவேப்பிலையின் பக்கக்கன்றைத் தோண்டித் தொட்டியில் வைத்தாள். கொல்லையில் பலா இருந்தது. அதைத் தொட்டியில் வைக்க முடியாது.

அப்படிக் காலி பண்ணுகிறவர்களுக்காகவே டவுன்ஷிப்பைச் சுற்றி ஒரு சந்தை வளர்ந்திருக்கிறது. முத்தாண்டிக்குப்பம் போகிற வழியிலும் காடாம்புலியூர்ப் பக்கமும் பார்த்திருப்பீர்கள்: வெள்ளையடித்த கல், கலர்க்கொடி, பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் சர்பத். முந்திரியும் பலாவும் நின்ற நிலம். சில வருஷம் முன்பு வந்த பெரும்புயல் ஒரே காலையில் மரங்களையெல்லாம் வேரோடு பிடுங்கி அடித்துப்போட்ட பிறகு, மறுபடி கன்று வைத்துக் காத்திருக்கத் தெம்பில்லாதவர்கள் விற்றார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களும் அங்கேதான் மனை தேடி வந்தார்கள். ஏறாமல் என்ன செய்யும் விலை.

மாமாவுக்கு மனை தேடிக் கொடுத்தவன் நான். ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டு, போனில், வானத்திலிருந்து பார்க்கிற படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். சுற்றிலும் காய்ந்த செம்மண். நடுவில் ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருந்தது. நல்ல மண் போல என்று அதைக் காட்டினேன். பட்டா கேட்டோம். ரோடு எத்தனை அடி என்று கேட்டோம். டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு ஸ்கூட்டரில் எத்தனை நிமிஷம், போரில் தண்ணீர் உப்பா நல்லதா, எல்லாம் கேட்டோம். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. கோடைக்காலத்தில் நடுக்காட்டில் ஒரு துண்டு ஏன் பச்சையாக இருக்கிறது என்று எந்தக் குடியானவனும் கேட்டிருப்பான். குவாட்டர்ஸ்காரன் கேட்க மாட்டான்.

கேட்காமலே சொன்னவள் ஒருத்தி உண்டு. அஞ்சலை. ரோட்டுக்கு மறுபக்கம், பள்ளத்தில், அவர்கள் தெரு. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், இப்போது சித்தாள் வேலை, கான்ட்ராக்ட் வேலை என்று கிடைத்ததைச் செய்கிறவர்கள். அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டிய அன்று நான் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்சட்டியைத் தலைக்கு ஏற்றப்போனவள் நின்றாள்.

"சார், கோச்சிக்காதீங்க. சின்னப் புள்ளையில நாங்க இங்கதான் நண்டு புடிச்சிக்கினு கெடந்தோம். கார்த்திகையில மாரு மட்டும் தண்ணி நிக்கும்ங்க. கடக்கால நல்லா ஏத்திப் போடுங்க. இல்லாங்காட்டி வூட்டையே வேற எடத்துல பாருங்க."

மாமா பெரிதாகச் சிரித்தார். "ஏம்மா, பாதாளத்துல ஊறுற தண்ணியவே காலமெல்லாம் எறைச்சி வெளிய தள்ளினவன் நானு. இது மழைத் தண்ணி. ஒரு மோட்டாரப் போட்டா ஒரு ஷிப்ட்ல காலி!"

கொத்தனார் சிரித்தார். நான் போனுக்குள்ளிருந்து சிரித்தேன். அஞ்சலையும் சிரித்துவிட்டுச் சட்டியை ஏற்றிக்கொண்டு போனாள். வீடு எழும்பியது. காம்பவுண்டுச் சுவரில் மாமா தன் பழைய குவாட்டர்ஸ் நம்பரையே நீல பெயின்ட்டில் எழுதினார். அந்த மனைப்பிரிவில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். வெவ்வேறு பிளாக்குகளின் எண்கள் ஒரே தெருவில், முன்பின் வரிசையில்லாமல், ஏதோ பெரிய கை ஒன்று டவுன்ஷிப்பைக் குலுக்கிக் கொட்டிவிட்டது போல நிற்கும்.

இங்கே, இந்தக் குளிர் நாட்டில், தண்ணீர் முதலில் தபாலில் வருகிறது. கவுன்சில் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. நீலத்தில் எத்தனை சாயல் உண்டோ அத்தனையையும் பூசி, உன் வீடு எந்த நீலத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது. தெற்கே நீலம் என்றால் வடக்கே சிவப்பு, அது காட்டுத்தீ. பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருநாள் இன்ஷூரன்ஸ் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் நின்றிருந்தார். இனி அந்த வீட்டுக்குப் பாலிசி தரமாட்டார்களாம். "அன்புள்ள" என்று தொடங்கி "நல்வாழ்த்துகளுடன்" என்று முடிந்த கடிதம். நடுவில் அவர் வீட்டைக் கொன்றிருந்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டார். எங்கள் ஊரில் அப்படி இல்லை. எங்கள் ஊரில் அது கடப்பாரையோடு வந்தது.

வீடு கட்டி ஒரு வருஷம். கார்த்திகையில் லீவு கிடைத்துப் போயிருந்தேன். இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் கக்கூஸ் கொப்பளித்தது. முதலில் சத்தம்தான், யாரோ தொண்டையைக் காறுவது போல. பிறகு கறுப்பாக, நுரையாக, நாங்கள் போகச் சொன்னதெல்லாம் திரும்பி வந்தது. மாமா மோட்டாரைப் போட்டார். கூடத்துத் தண்ணீரை உறிஞ்சி வாசலில் தள்ளினார், அது வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகக் கூடத்துக்கு வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது. டீசல் புகையில் கண் சிவந்து, வேட்டியை மடித்துக் கட்டி, பேய் பிடித்தவர் போல அந்த மனிதர் தன் வீட்டைச் சுற்றி ஒரே தண்ணீரைத் துரத்திக்கொண்டிருந்தார். முட்டி நனைந்தது, தொடை நனைந்தது. மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டுச் செத்தது. தண்ணீர் மார்புக்கு ஏறியது, பீரோ மிதந்து சாய்ந்தது. மாலை போட்ட அந்த ரிட்டயர்மென்ட் போட்டோ முகம் குப்புற மிதந்து என்னைத் தாண்டிப் போயிற்று. அக்காவை மொட்டை மாடிக்கு ஏற்றினோம்.

தண்ணீர் போவதற்கு ஒரு காலத்தில் வழி இருந்திருக்கிறது. ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம். மனை போட்டவன் ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று கிராவல் கொட்டி அதை மூடியிருக்கிறான். அவன் போன் எடுக்கவில்லை. மத்தியான வாக்கில் எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் ரோட்டில் கூடினார்கள், பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள், மைன்ஸில் நின்றது போலவே நின்றார்கள். ஒருவர் ஆர்டர் கொடுத்தார். ரோட்டை வெட்டிவிடு. தண்ணீர் அந்தப் பக்கம் போகட்டும்.

அந்தப் பக்கம் என்பது அஞ்சலையின் தெரு.

அவர்களும் வந்திருந்தார்கள். கையில் தடி, மண்வெட்டி, ஒருவனிடம் வெறும் துடுப்பு போன்ற பலகை. முன்னால் நின்றவன் முருகவேல், அஞ்சலையின் புருஷன். அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள், மாமாவைப் போல பர்மனென்ட் இல்லை. மாமாவுக்கு முகம் தெரிந்தவன்.

"ஏங்க பர்மனென்ட்டு," என்றான், மரியாதை கெடாமல். "ரோட்ட வெட்டுனா எங்க வூடுங்க என்னா ஆவும்ங்க?"

"ஒங்களுக்கு ஏற்கெனவே தண்ணி பழக்கம்தானடா," என்றார் மாமா. "எங்களுக்குப் பழக்கமில்ல."

மழைச் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் அது கேட்டது. முருகவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பழகிக்கினு போ. எடம் வாங்கறப்ப புரோக்கரக் கேட்ட. தவளையக் கேட்டியா?"

அவன் பக்கம் சிரிப்பு வெடித்தது. எங்கள் பக்கமும் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் மாமாவை அடித்தது. கடப்பாரையை ஓங்கித் தார்ரோட்டில் இறக்கினார். இரண்டாவது குத்துக்கு முருகவேல் பாய்ந்து கடப்பாரையைப் பிடித்தான். இருவரும் சேற்றில் புரண்டார்கள். கல் வந்தது, எங்கிருந்து என்று தெரியாது, என் நெற்றி கிழிந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியது. மற்றக் கண்ணால் முருகவேலின் முதுகு தெரிந்தது. நான் பின்னாலிருந்து அவன் இரண்டு கைகளையும் வளைத்துப் பிடித்தேன். பெல்ட்டை இழுத்துப் பிடித்துப் பிடித்து உரமேறிய பிடி. விலக்கத்தான் பிடித்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் திமிறி வலக்கையை உருவினான். மாமா எழுந்தார். அந்தக் கை மேலேயே கடப்பாரை இறங்கியது. முந்திரிக் கிளை முறிகிற சத்தம். அந்தச் சத்தம் என் மார்பெலும்பு வழியாக எனக்குள் வந்தது, ஏனென்றால் அவன் என் மேல் சாய்ந்திருந்தான்.

அப்போது ரோடு தானாகவே போயிற்று. யாரும் வெட்டவில்லை. தார் ஒரு பாய் போல உப்பியது, பிளந்தது, எங்கள் தண்ணீர் முழுவதும் ஒரு மிருகம் போல உறுமிக்கொண்டு அந்தப் பக்கம் பாய்ந்தது. நாங்கள் எல்லோரும், இரண்டு பக்கத்தாரும், நாய்களைப் போல நாலா பக்கமும் ஓடினோம். பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் அந்தக் கை உடைந்திருக்காது. ஒன்றன்பின் ஒன்றாக மண்சுவர்கள் உட்காரும் சத்தம் கேட்டது. அஞ்சலையின் சுவர் விழுந்தது. கட்டியிருந்த ஆடுகள் கயிறோடு போயின. அக்கா மொட்டை மாடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று எல்லோரையும் ஒரே பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். வேறு மேடான இடம் இல்லை. வகுப்பறைக்கு இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் அவர்கள், நடுவில் பெஞ்சுகள். முருகவேலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கும் வரிசையில் அக்காவும் அஞ்சலையும் அடுத்தடுத்து நிற்கும்படி ஆயிற்று. அஞ்சலை திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் தாழ்ந்த குரலில், உண்மையிலேயே புரியாதவள் போலக் கேட்டாள்.

"நான்தான் சொன்னனேங்க. சொல்லியும் ஏங்க கட்டுனீங்க?"

பொட்டலத்தை வாங்கிய அக்கா அன்று முழுவதும் அதைப் பிரிக்கவே இல்லை.

பிறகு பெரியவர்கள் பேசினார்கள். கேஸ் இல்லாமல் முடிந்தது. யார் முதலில் அடித்தது, யார் கல் எறிந்தது என்றெல்லாம் பேசினார்கள். யார் பிடித்துக்கொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பெயர் அந்தப் பேச்சில் ஒருமுறைகூட வரவில்லை. முருகவேலின் கை கோணலாகச் சேர்ந்தது. பாரம் தூக்க முடியாதவனை கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார். நான் அதற்குள் விமானம் ஏறிவிட்டேன். நெற்றித் தழும்பைக் கேட்ட வெள்ளைக்கார நண்பர்களிடம் "வெள்ளத்தில்" என்று மட்டும் சொன்னேன். "பாவம், என்ன கொடுமை" என்று தோளில் தட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டை விற்றுவிடலாம் என்று சொன்னதும் நான்தான். போன சித்திரையில் அதற்காகவே போனேன். வெயில் தகதகவென்று அடித்தது. மனைப்பிரிவு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீரா, இங்கேயா என்று மண்ணே கேட்கும். புரோக்கர் சொன்னான்: "சித்திரையில காட்டுனா எந்த வூடும் அரண்மனைங்க. ஐப்பசி வரைக்கும் வச்சிக்கினு இருந்தீங்கன்னா அது உங்களுக்குத்தான்." கூடத்துச் சுவரில் மார்பளவில் ஒரு பழுப்புக்கோடு, வண்டல் எழுதிய கோடு, நாலு சுவரையும் சுற்றி ஓடியது. பட்டி வைத்துத் தேய்த்து நானே பெயின்ட் அடித்தேன். மறைந்தது. ஆனால் வாசனை மறையவில்லை. அப்போதுதான் எனக்கு இந்த ஊர் ரொட்டி ஞாபகம் வந்தது.

"அக்கா, பார்ட்டி வர்றதுக்கு முன்னாடி ஒரு பலாப்பழம் அறுத்து வைங்க. கூடத்துலயே. வாசம் தூக்கட்டும்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அங்க கத்துக்கினியா இத?" என்றாள். ஆனாலும் செய்தாள். காடாம்புலியூர்ப் பழம், முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு, அரிவாளால் பிளந்து, பிசின் வழிய வழியக் கூடத்தின் நடுவில் விரித்தாள். அந்தத் தேன் வாசனை வீட்டின் அழுகலை ஒரே அடியில் கீழே தள்ளிக் கழுத்தில் காலை வைத்து நின்றது.

வந்தவர்கள் கணவனும் மனைவியும். அவருக்கு ஆனியில் ரிட்டயர்மென்ட். குவாட்டர்ஸ் காலி பண்ண வேண்டும். மாமா குரலை உயர்த்தி வீட்டைச் சுற்றிக் காட்டினார். நான் ஆஸ்திரேலியத் தம்பி என்பதே அந்த வீட்டுக்கு ஒரு தரச்சான்று போல என்னையும் காட்டினார். அந்த அம்மாள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "வூடே மணக்குதுங்க" என்றாள். கூடத்துக் கிழக்குச் சுவர் முன்னால் நின்று கையால் உயரம் காட்டினாள். "இங்க பூஜை அலமாரி வச்சா அம்சமா இருக்கும், இல்லக்கா?"

அக்கா அருகே போனாள். பலாப்பிசின் ஒட்டிய கையைச் சுவரில், மார்பளவில் வைத்து, ஒரு கோடு இழுத்தாள். நான் மறைத்த கோடு, இம்மி பிசகாமல் அதே இடத்தில்.

"இதுக்கு மேல வைங்க."

"ஏங்க்கா?"

"இது மட்டும் தண்ணி வரும்."

ஒரு ஈ சுளை மேல் உட்கார்ந்தது. அந்தக் கணவர்தான் முதலில் சிரித்தார். "அட, பம்ப் செக்‌ஷன்ல இருக்கவன்மா நான். ஒரு மோட்டாரப் போட்டா..."

"இவரும் பம்ப் செக்‌ஷன்தான்," என்றாள் அக்கா.

அவர்கள் பைக் கிளம்பிப் போன சத்தம் அடங்கும் வரைக்கும் மாமா அசையவில்லை. பிறகு கொல்லைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் அதே கடப்பாரை. அக்காவை அடிக்கப்போகிறார் என்று நான் குறுக்கே பாய்ந்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுச் சுவரில் குத்தினார். அக்கா கோடிழுத்த இடத்தில். பெயின்ட் உரிந்தது, பட்டி உதிர்ந்தது, உள்ளே இன்னும் ஈரமாக இருந்த பூச்சு பெயர்ந்து விழுந்தது. மறுபடி குத்தினார். "இது என் வூடு! என் வூடு!" செங்கல் தெரிந்தது. தன் வாழ்நாள் சேமிப்பை மாரிலே குத்திக் கொல்வது போலக் குத்தினார். பலாச்சுளைகள் மேல் சிமென்ட் தூள் கொட்டியது. நான் பின்னாலிருந்து அவர் இரண்டு கைகளையும் வளைத்துப் பிடித்தேன்.

மாமா உடனே அடங்கினார். கடப்பாரை கீழே விழுந்தது. மூச்சு வாங்க, தலையைத் திருப்பாமலேயே சொன்னார்:

"நல்லாப் புடிக்கிற மச்சான். அன்னிக்கு அவனப் புடிச்ச மாதிரியே புடிக்கிற."

கையை எடுத்தேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பெருக்கிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல், "சொல்லித்தான் விக்கணும். சொன்னா எவனும் வாங்க மாட்டான். அப்ப நாமதான் இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். ஒரு கூடை மண் ஏற்றிக்கொண்டு போகிறவள் போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

இங்கே, ரொட்டி மணத்த அந்த ஏழாம் எண் வீட்டின் முன்னால் இருந்த பலகையில் விற்றாயிற்று என்று சிவப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். அந்தப் பஞ்சாபிப் பையனின் கார் நேற்று வாசலில் நின்றது. நான் வேலைக்குப் போகும்போது கையாட்டினான். தலையசைத்தேன். குளிர்காலம் முடிந்து மழை வரும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நீலம் என்று கவுன்சிலின் படத்தில் இருக்கிறது, பார்த்திருப்பான், படித்தவன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ரப்பர் மணக்கும் கையை மூக்குக்கருகே கொண்டுபோனால் சில நாள் பலாப்பிசின் வாசம் வருகிறது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

போன சித்திரையில் அக்கா வீட்டிலிருந்து நான் கிளம்பிய அன்று கார் வாசலில் நின்றது. காம்பவுண்டுச் சுவரில் அந்தப் பழைய நம்பர், தண்ணீர் தின்றது போக மிச்சம். மாமா உள்ளேயே இருந்தார். ரோட்டின் அந்தப் பக்கம், புதுச் சுவருக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முருகவேல் இடக்கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அஞ்சலை வாங்கி வைத்தாள். நான் கார்க் கண்ணாடியை ஏற்றப்போனேன். அக்கா அதன் விளிம்பில் கையை வைத்துத் தடுத்தாள்.

"நீங்களும் அங்க வந்துடுங்க அக்கா," என்றேன். வேறு என்ன சொல்வது.

அவள் ரோட்டைப் பார்த்தாள், பிறகு என் நெற்றித் தழும்பைப் பார்த்தாள்.

"வெயில்ல வர்ற, வெயில்லயே போயிடுற. அடுத்த தடவ கார்த்திகையில வாடா. ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கப் போறன்னு அப்ப வந்து சொல்லு."